பிரேக்கில் பழுதில்லை

ஐம்பதைத் தொட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, வயதான ஒரு சின்னக் காரை வைத்துக்கொண்டு, விற்பதா, இன்னும் ஒரு வருடம் சாலை வரி கட்டி ஓட்டுவதா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் யோசித்துக் களைத்தவர்களுக்கு. என் காருக்குப் பதினாறு வயது. மகளைவிட ஒரு வயது இளையது. பின்கதவு ஒன்றை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மேடு ஏறும்போது குளிர்சாதனம் நின்றுவிடும், இறங்கும்போது தானாகவே வந்துவிடும். இதெல்லாம் உங்களுக்கும் பழகியதுதான்.

மூன்று வாரத்துக்கு முன், சிகாமட்டில் இருக்கும் என் தாய்மாமாவைப் பார்த்துவிட்டு நானும் மகளும் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஆயர் ஈத்தாமில் நிறுத்தி, மாடிமுகப்பில் வைக்க ஒரு பூந்தொட்டி வாங்கினோம். அங்கிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் ஒருவர் பழுதான மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. மகள் "ம்மா!" என்று கத்தினாள். ஸ்டியரிங்கை ஒடித்தேன், பிரேக்கை மிதித்தேன், கார் அரைவட்டம் அடித்துப் புல்லில் போய் நின்றது. பின்னிருக்கையில் தொட்டி மூன்றாக உடைந்து கிடந்தது. அந்த மனிதர் மழைக்கோட்டுக்குள் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டக்கூட இல்லை. பிறகு குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"பிரேக் பிடிக்கல," என்றேன், யாரும் கேட்பதற்கு முன்பே.

மறுநாள் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"பிரேக் நல்லாத்தான் இருக்குக்கா. ஒன்னும் கோளாறு இல்ல."

"மழையில சில நேரம் பிடிக்காதுதானே?"

"அதுக்கு இந்த மாதிரி ஆவாதுக்கா."

பக்கத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இல்லண்ணே. அம்மா மிதிச்சாங்க. நான் பார்த்தேன்."

அவள் கத்தும்வரை என் கால் பிரேக் பக்கமே போகவில்லை. அது எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து கார் சாவியை எடுக்கும்போதெல்லாம் தயங்குகிறேன். அந்த மழைக்கோட்டு மனிதரை நினைத்து மட்டும் அல்ல. மகள் சொன்ன அதே வார்த்தைகளை இன்னொரு பட்டறையில், பத்து வயதில், நான் சொல்லியிருக்கிறேன்.

*

அப்போது நாங்கள் சிகாமட்டில் இருந்தோம். அப்பா செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆலை தோட்டத்துக்குள் வெகுதூரத்தில் இருந்தது, பஸ் போகாத பாதை. கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை.

எங்கள் கார் எனக்கு முன்பே பிறந்தது. அதன் நிறம் என்ன என்று கேட்டால் வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வோம். இடதுபக்கக் கண்ணாடியை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித்தான் மேலே ஏற்ற வேண்டும். என் காலடியில் தரை துருப்பிடித்து ஒரு கைப்பிடி அளவுக்கு ஓட்டை. அதன்மேல் ரப்பர் விரிப்பு. அப்பா பார்க்காதபோது விரிப்பைக் காலால் ஒதுக்கினால் கீழே சாலை ஓடும். மழை நாளில் அந்த ஓட்டை வழியாகச் செம்மண் தண்ணீர் தெறித்து என் கணுக்காலில் புள்ளிபுள்ளியாக அப்பும். முன்பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் ஒட்டியிருந்தார். வெயிலில் அவர் முகம் வெளுத்து, தும்பிக்கை மட்டும் மிச்சமிருந்தது. பெட்ரோல் வாடையும் ஈர மெத்தை வாடையும் ஆலையின் புளித்த புகை வாடையும் சேர்ந்து ஒரு வாடை. இன்றைக்கும் ஏதாவது பழைய வண்டிக்குள் தலையை நுழைத்தால் அது கிடைக்காதா என்று மூக்கு தேடுகிறது.

அந்த வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் அப்பா திடீரென்று, "பாப்பாவும் என்னோட வரட்டும், பேச்சுத்துணைக்கு," என்றார். அம்மாவுக்கு ஆச்சரியம்.

"பொம்பளப் புள்ள அந்த கிரீஸுக்குள்ள போய் என்னா பண்ணப் போகுது?"

"கணக்கு வரட்டும். வீட்டுல சும்மாதானே இருக்கு."

கணக்கு என்று அவர் சொன்னது ஒரு விளையாட்டு. முடிதிருத்தும் கடையில் கிடந்த எண்சாத்திரப் புத்தகம் ஒன்றை அப்பா அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். முன்னால் போகும் வண்டியின் நம்பரை நான் உரக்கப் படிக்க வேண்டும். எண்களைக் கூட்டி, ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்ல வேண்டும். அவர் அதற்குப் பலன் சொல்வார்.

"ஆறு, ஒன்னு, ரெண்டு, நாலு. பதிமூணு. நாலுப்பா!"

"நாலா? ராகு. ஆளு கோபக்காரன். அவன் பக்கத்துல போவக் கூடாது. காரா, லோரியா?"

"லோரி."

"கிட்ட வருதா, தூரமா போவுதா?"

"தூரமா."

நான் சிரித்துச் சிரித்துச் சொல்வேன். ஆலைக்குப் போய்ச் சேரும் வரை வாய் ஓயாது. வழியில் வண்டியே இல்லாவிட்டால் மைல்கல்லைப் படிக்கச் சொல்வார். ஸ்டோருக்குள் போனால் இன்னொரு வேலை. இருப்பு அட்டைகளில் எண்களை நான்தான் எழுதுவேன். "என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. உன்னோடது முத்து முத்தா இருக்கு பாப்பா," என்பார். பிஸ்கெட் டின்களில் இருந்த போல்ட்டுகளை அளவு பார்த்துப் பிரிப்பேன். மேலாளர் ஒருநாள் என் தலையைத் தட்டிக்கொடுத்து, கிராணிக்கு ஒரு குட்டிக் கிராணி என்றார். அதைக் கேட்டு அம்மா அக்கம்பக்கம் முழுதும் சொல்லி மகிழ்ந்தாள்.

அந்த மழைக்காலத்தில் காரின் மழைத்துடைப்பான்களில் ஒன்றின் ரப்பர் கிழிந்துபோனது. அந்த ரகக் கார் வருவதே நின்றுவிட்டதால் டவுனில் புதிது கிடைக்கவில்லை. அப்பா தன் பக்கம் இருந்த நல்லதைக் கழற்றி என் பக்கம் மாட்டினார். கிழிந்ததைத் தன் பக்கம் மாட்டிக்கொண்டார். மாமா அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று சிரித்தார்.

"அலமாக்! ஓட்டுறவரு பக்கம் கிழிஞ்சது, சும்மா உக்காந்து வர்ற புள்ளைக்கு நல்லதா? மச்சான், செல்லம் குடுக்கறதுக்கும் ஒரு அளவு இருக்கு லா."

"புள்ள மழையைப் பார்க்கட்டும் மாப்ள. எனக்கு ரோடு மனப்பாடம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று சொல்ல வேண்டி வந்தால், பல வருடங்களாக நான் இந்தக் கதையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். என் திருமணத்துக்கு முதல்நாள்கூடச் சொன்னேன். அப்பா பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார்.

*

காரை மாற்றச் சொல்லி அம்மா நச்சரிக்கத் தொடங்கியதும் அதே மாதத்தில்தான். மாமா வண்டி தேடும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கார் விஷயம் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

முதலில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் கார். வெள்ளை நிறம், இருக்கையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. அப்பா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உள்ளே உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. என்னை நம்பர் படிக்கச் சொன்னார்.

"மூணு, ஆறு, ஒன்னு, ஏழு. பதினேழு. எட்டுப்பா."

"எட்டு சனியோட நம்பர். வேணாம்," என்று திரும்பி நடந்துவிட்டார். ஆசிரியர் பாவம், தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார்.

இரண்டாவது, டவுனுக்கு வெளியே பழைய கார் விற்கும் சீன முதலாளி ஒருவரின் கொட்டகை. தவ்கே என்போம். அவர் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். ஊதா நிறத்தில் சின்னக் கார் ஒன்று. அம்மா ஏறி உட்கார்ந்து கதவை மூடித் திறந்து பார்த்தாள். மூன்று பிள்ளைகளைப் பெற்ற பிறகு அவள் முகத்தில் அவ்வளவு ஆசையை நான் பார்த்ததில்லை. என்ஜினைக் கேட்டுவிட்டு மாமாவும் தலையாட்டினார். அப்பா காருக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினார். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவரே படித்தார்.

"அஞ்சு, எட்டு, நாலு, சைபர். பதினேழு. இதுவும் எட்டு."

"எட்டு பாகுஸ் லா அண்ணே, நல்ல நம்பர்!" என்று தவ்கே சிரித்தார். "நம்ம சீனன் எட்டு கெடைச்சா விடமாட்டான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான்தானே குட்டிக் கிராணி. "அப்பா, அது எட்டு இல்ல. அஞ்சு, மூணு, நாலு, சைபர். பன்னெண்டு. கூட்டு மூணு," என்றேன்.

மாமா குனிந்து பார்த்தார். "ஆமா மச்சான், மூணுதான் போட்டிருக்கு. பாப்பா சரியாத்தான் சொல்லுது."

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது. "முன்னாடி இருக்கற எழுத்தையும் சேர்க்கணும். சேர்த்தா எட்டு. உனக்கு என்னா தெரியும், வாய மூடு!" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். எழுத்துக்கு எப்படி எண் போடுவது என்று அங்கே யாருக்கும் தெரியாது. எதிர்த்துப் பேச வழியில்லை. அம்மா காரைவிட்டு இறங்கினாள். வீடு போய்ச் சேரும் வரை அவள் அப்பாவோடு பேசவில்லை.

அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவுக்கு ஒரு நல்ல கார் அமைவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று. பத்து வயதுக் கோபம் அது. ஆனால் அதைக் கழுவாமலே நாற்பது வருடம் வைத்திருந்தேன்.

*

பள்ளி திறக்க நாலு நாள் இருந்தபோது அது நடந்தது. காலை ஏழு மணி இருக்கும். தோட்டத்துப் பாதையில் மழை. முன்னால் ஒரு லோரி.

"ரெண்டு, ஒன்பது, ஒன்னு, நாலு," என்று படித்தேன். "பதினாறு. ஏழுப்பா."

"ஏழு கேது. சாமியாரு நம்பர்," என்று அப்பா சிரித்தார். கிட்ட வருதா தூரமா போவுதா என்று அன்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொட்டகையில் வாங்கிய தள்ளலுக்குப் பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று இருந்தேன்.

நம்பர் பெரிதாகிக்கொண்டே வந்தது. லோரி நின்றிருந்தது. சரிந்து விழுந்த செம்பனைக் குலைகளை இரண்டு பேர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா பார்த்திருப்பார், இப்போது மிதிப்பார், இப்போது மிதிப்பார் என்று காத்திருந்தேன்.

"அப்பா, நிக்குது! நிக்குது!"

கார் இடதுபக்கம் பாய்ந்து, சாலையோரக் கான் வாய்க்காலுக்குள் இறங்கி, ஒரு மரத்தில் முட்டி நின்றது. என் உதடு கிழிந்து வாயெல்லாம் உப்பு. கையில் குலையோடு நின்ற ஆளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் இடம்கூட இல்லை.

அப்பா என் முகத்தைத் துடைத்தார். "பிரேக் பிடிக்கல பாப்பா. அப்பா மிதிச்சேன், நீ பார்த்தீல்ல?"

"ஆமாப்பா," என்றேன்.

மாமா காரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவரே உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "பிரேக் நல்லாத்தான் இருக்கு மச்சான்."

அப்பா என்னைப் பார்த்தார். வீங்கிய உதட்டோடு நான் சொன்னேன்: "இல்ல மாமா. அப்பா மிதிச்சாங்க. நான் பார்த்தேன்."

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போனது. அப்பா அதற்குப் பிறகு கார் வாங்கவே இல்லை. எந்த நம்பரும் சரியில்லை என்றார். ஆலை வேலையை விட்டு, டவுனில் நடந்து போகும் தூரத்தில் ஒரு மளிகைக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலையில் சேர்ந்தார். அம்மா பக்கத்துத் தையற்கடையில் பொத்தான் கட்டப் போனாள். எங்கள் வரிசை வீடுகளில் அப்பாவுக்கு எட்டுக் கிராணி என்று பெயர் வைத்தார்கள். கல்யாண வீடுகளில் அவர் நுழையும்போது யாராவது ஒருவர், "அண்ணே, இது எட்டாம் நம்பர் நாற்காலி, பார்த்து உக்காருங்க," என்பார். அவரும் சிரிப்பார்.

நான் திருமணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்த பிறகு அவர் பார்வை முழுதாகப் போனது. சர்க்கரை நோய், எங்கள் பேச்சில் இனிப்பு நீர், கண்ணுக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். எத்தனை வருடமாகப் பார்வை மங்கல் என்று கேட்டதற்கு, "இப்பத்தான் ஒரு ரெண்டு வருசமா டாக்டர்," என்று அம்மா சொன்னாள். அப்பா திருத்தவில்லை. நாங்களும் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. இருவரும் இப்போது இல்லை.

*

பட்டறையிலிருந்து வந்த அன்று மாலை மாமாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு வயது எழுபத்தெட்டு. நினைவு நன்றாக இருக்கிறது.

"மாமா, அந்தப் பழைய கார் கானுல எறங்குச்சே, அப்ப அப்பாவுக்குக் கண்ணு..."

"அவரு மிதிக்கவே இல்ல பாப்பா," என்றார் மாமா, நான் முடிப்பதற்கு முன்பே. "நான் எடத்தைப் போய்ப் பார்த்தேன். ரோட்டுல டயர் கோடு இல்ல, ஒன்னும் இல்ல. காலையிலேயே கொஞ்சம் போட்டுட்டாருன்னு நெனச்சேன். உங்க அம்மாகிட்ட சொல்ல வேணாம்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் நானும் அவருக்கு வண்டி தேடல."

"அப்பா குடிக்க மாட்டாங்க மாமா."

"தெரியும் லா. ஆனா வேற என்னா நெனைக்கச் சொல்ற?"

"அப்பவே கேட்டிருக்கலாமே மாமா."

"நீதான் மிதிச்சாங்கன்னு சொன்னியே பாப்பா. சின்னப் புள்ள எதுக்குப் பொய் சொல்லும்னு விட்டுட்டேன்."

அதன்பிறகு என்ன பேசினோம் என்று நினைவில்லை.

எனக்கும் பதினோரு வருடமாக இனிப்பு நீர். வருடத்துக்கு ஒருமுறை கண்ணைப் படம் எடுக்க வேண்டும் என்று கிளினிக் அட்டையில் எழுதியிருக்கிறது. மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டேன். ஈரக் கட்டைவிரலை வைத்து அழுத்தியதுபோல எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கலங்கல். மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை மாற்றினேன். சாலைப் பலகைகளை மகளைப் படிக்கச் சொன்னேன். பேச்சு கொடுக்கிறேன் என்றுதான் என்னையே நம்பவைத்திருந்தேன். கணவர் அதிகாலையிலேயே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய்விடுவார். என் அலுவலகம் துறைமுகப் பக்கம், பஸ் வசதி கிடையாது. நான் ஓட்டாவிட்டால் எப்படி என்ற கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகவே எதையும் பார்க்காமல் இருந்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், கடந்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு கார் பார்க்கப் போனேன். தெரிந்துவிட்டால் உடனே திருந்திவிடுவோம் என்று எண்ணாதீர்கள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் குறை கண்டுபிடித்துத் திரும்பியிருந்தேன். ஒன்றில் இருக்கை தாழ்வு, இன்னொன்றில் வாடை. மூன்றாவது இடத்தில் சின்னச் சாம்பல் நிறக் கார். விற்பனைக்கார இளைஞர் நன்றாகப் பேசினார்.

"ஆண்ட்டி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, அப்புறம் விடமாட்டீங்க," என்று சாவியை நீட்டினார். பத்திரங்களுக்காகவோ எதற்காகவோ உள்ளே போனார்.

சாவியை வாங்கிக்கொண்டு நின்றேன். மகள் வழக்கம்போல இடதுபக்கக் கதவைத் திறந்தாள். சின்ன வயதில் நான் உட்கார்ந்த பக்கம். உட்காருவதற்கு முன் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தாள், இரண்டு முறை. அவள் எப்போதும் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"நீ ஓட்டு," என்றேன்.

"நானா? லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாசம்தானே ஆவுது. பி ஸ்டிக்கர்கூட இதுல இல்ல."

"நம்ம கார்ல இருக்கறதைக் கழட்டி இதுல ஒட்டு."

அவள் போய், புது ஓட்டுநர் என்று காட்டும் அந்த பி எழுத்தைக் கழற்றிக்கொண்டு வந்து ஒட்டினாள். ஒரு மூலை ஒட்டவில்லை, நகத்தால் தேய்த்தாள். ஏறினாள். நான் இடதுபக்கம் உட்கார்ந்தேன். கார் கடையைவிட்டு வெளியே வந்து சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு கார். ரொம்பப் பக்கத்தில்.

மகள் சாலையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்: "ம்மா, அந்தக் கார் நம்பர் உங்களுக்குத் தெரியுதா?"

கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அதற்குள் வெள்ளைப் பூச்சிகள் மொய்ப்பதுபோல ஏதோ இருந்தது. ஐந்தாக இருக்கலாம், ஆறாக இருக்கலாம். முன்பே எங்கேயோ படித்ததுபோல ஓர் எண் எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அப்பா அந்தக் கொட்டகையில், அத்தனை பேர் முன்னால், சொன்னதுபோல.

"தெரியல," என்றேன். "ரொம்ப நாளாவே தெரியல. அன்னிக்கி நீ கத்துற வரைக்கும் நான் மிதிக்கவும் இல்ல. நீ எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

விளக்கு மாறியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் மெதுவாகக் காரை எடுத்தாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"நாளைக்கு நான்தான் உங்களைக் கண்ணு செக் பண்ணக் கூட்டிட்டுப் போவேன்," என்றாள். "அப்பாகிட்டயும் நானே சொல்றேன்."

பிறகு, நான் கேட்காமலே, சாலையோரப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள்.